நான்காம் கலனின் பக்கம்

கையேடு எழுதும் வேலையை யாரும் விரும்புவதில்லை. மென்பொருள் நிறுவனங்களில் அது எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழும். அவர் பழைய கையேடு ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுப்பார். வாங்கியவர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைப்பார். இரு தரப்புக்கும் மனக்குறை இருக்காது.

இந்தச் சோம்பலை நம்பித்தான் எங்கள் நிறுவனம் நடக்கிறது. சிதம்பரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில். உரிமையாளர் பெயர் தில்லைநாதன். நிரல் எழுதுகிறவர்கள் நிரலுக்கு நடுநடுவே சிறு குறிப்புகள் எழுதி வைப்பார்கள். இயந்திரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். பின்னால் வந்து படிக்கப்போகும் மனிதருக்காக எழுதப்படுபவை அவை. எங்கள் கருவி ஒரு நிரலைப் படித்து, அந்தக் குறிப்புகளைப் பொறுக்கி, எது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்த்து, பக்கம் பக்கமாகக் கையேடு தயாரித்துக் கொடுக்கும். அதைப் பராமரிப்பவன் நான். என் பெயர் சேரன். இவையெல்லாம் விபத்தை விசாரித்த உங்கள் குழுவின் அறிக்கையிலும் இருக்கின்றன. பாதிதான் சரி.

உங்கள் அறிக்கையை நான் முழுதாகப் படித்தேன். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால் ஓரிடத்திலாவது சந்தேகம் வந்திருக்கும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயனத் தொழிற்சாலையில் என் மனைவி கயல்விழி இறந்ததற்கு, அங்கே கட்டுப்பாட்டு நிரல் எழுதிய பொறியாளர் ராபர்ட்டின் அலட்சியமே காரணம் என்று முடித்திருக்கிறீர்கள். எச்சரிக்க வேண்டிய இடத்தில் அவர் கேலியாக ஏதோ எழுதி வைத்தார் என்கிறீர்கள். அதன் பேரில் ராபர்ட் சிறையில் இருக்கிறார். தண்டனை உறுதி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ராபர்ட் எச்சரித்திருந்தார். தெளிவாகவே எழுதியிருந்தார். இதைச் சொல்லத்தான் வந்தேன். அவர்மேல் இரக்கம் பிறந்து வரவில்லை. தவறான ஆவணம் ஒன்று முத்திரையோடு திரிவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. தொழில் பழக்கம்.

எங்கள் கருவிக்கு முதலில் இரண்டு நிரல் மொழிகள்தான் தெரியும். இரண்டும் கணினிக்காரர்களின் மொழிகள். ரசாயனத் தொழிற்சாலைகளில் வால்வைத் திறப்பதும் பம்பை நிறுத்துவதும் வேறு மொழியில் நடக்கிறது. சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கென்று தனி மொழி. அந்தத் தொழிற்சாலை தன் நிரலுக்குக் கையேடு கேட்டபோது தில்லைநாதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"சேரா, அந்த லாங்குவேஜையும் நம்ம டூல்ல சேத்துடுய்யா. சிப்காட்ல ஒருத்தன் மாட்டுனா போதும், அந்த ரோடு பூரா நம்மளுதுதான்."

"சேக்கலாம் சார்."

"உன் வொய்ஃபு வேற அங்கதான இருக்காங்க. உள்ள போயி வர ஈஸி."

அவருக்கு எல்லாமே ஈஸிதான். ஒரு மொழியைச் சேர்ப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால் சொல்கிறேன். நிரலின் ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கருவிக்குக் கற்றுத்தர வேண்டும். எது குறிப்பு, எது கட்டளை என்று கற்றுத்தர வேண்டும். இவை வெறும் உழைப்பு. அதற்குப் பிறகு, ஒரு குறிப்பு யாருக்குச் சொந்தம் என்று கற்றுத்தர வேண்டும். இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு குறிப்பு இருந்தால், அது மேலே முடிந்த பகுதியைப் பற்றியதா, கீழே தொடங்கப்போகும் பகுதியைப் பற்றியதா? உலகம் முழுக்க ஒரே வழக்கம்தான். குறிப்பை முதலில் எழுதுவார்கள், பகுதி அதன் கீழே வரும். நான் பார்த்த நிரல்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, ராபர்ட்டின் நிரலைப் பார்க்கும்வரை.

ராபர்ட்டைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு பத்தி இருக்கிறது. அனுபவம் மிக்கவர், கலகலப்பானவர் என்று. கலகலப்பு என்பது ஒருவர் பேசிக்கொண்டே இருப்பதற்கும் மற்றவர்கள் அதைச் சகித்துக்கொள்வதற்கும் வைத்த பெயர். கயல்விழி அந்தத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். சேர்ந்த நாளிலிருந்தே அவளை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டார். அதனால் நான் மச்சான் ஆனேன். என்னை யாரும் கேட்கவில்லை.

முதல் முறை நிரலை வாங்கப் போனபோது கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். தங்கச்சி சொல்லுச்சு. எங்க புரோகிராமுக்கு நீங்க புஸ்தவம் போடப் போறீங்களாமே?"

"உங்கள் குறிப்புகள் எல்லாம் பேச்சுத் தமிழில் இருக்கின்றன," என்றேன். நான் பேசும்போதும் எழுதுவதுபோலத்தான் பேசுவேன் என்று கயல்விழி கேலி செய்வாள்.

"பின்ன? இங்க நைட் ஷிப்ட்டுல நிக்கறவன் வெள்ளக்காரனா? நம்ம நெல்லிக்குப்பத்து ஆளு. அவனுக்குப் புரியற மாதிரி எழுதியிருக்கேன்."

"அதோடு, குறிப்பைப் பகுதிக்குக் கீழே எழுதுகிறீர்கள்."

"சாப்ட்டப்புறம்தான மச்சான் பில்லு குடுப்பாங்க? செஞ்சு முடிக்கறேன், முடிச்சதப் பத்தி அடியில எழுதறேன். எங்க அப்பா கதை சொன்னாலும் கடைசியிலதான் இது யாரு கதைன்னு சொல்வாரு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எது சொன்னாலும் சிரிப்பார்கள். ஆக, அவர் குறிப்பைக் கீழே எழுதுகிறவர் என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். உங்கள் குழு அழைத்து வந்த நிபுணர், குறிப்பு எப்போதும் மேலேதான் இருக்கும், ராபர்ட் இப்போது தப்பிக்கக் கதை சொல்கிறார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நிபுணர் அந்த நிரலைப் பொறுமையாக ஒரு முறை படித்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். நிபுணர்கள் படிப்பதில்லை. வழக்கம் என்ன என்று தெரிந்ததும் அவர்களுக்குப் போதும்.

அந்த நிரலை நான் வீட்டுக்கும் கொண்டு வந்தேன். நாங்கள் கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். கயல்விழி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துச் சிரித்தாள். பம்ப் ஒன்றுக்கு ராபர்ட் எழுதியிருந்தது: "இது மாமியார் மாதிரி. கத்தும், ஆனா வேல செய்யும். கத்தறத நிறுத்துனா கவலப்படு."

"என்னாமா எழுதறாரு பாருங்க. ஒரு தடவ படிச்சா மறக்குமா?"

"இது தொழில்நுட்ப ஆவணம் இல்லை," என்றேன்.

"நீங்க எழுதறதும் படிச்சிருக்கேன். ரெண்டு வரியில தூக்கம் வந்துடுது." என் தலைமுடியைக் கலைத்துவிட்டு உள்ளே போனாள்.

இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்ததை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். புதிய மொழிக்குக் கருவியில் ஒரு விருப்பத் தேர்வு வைத்தேன். குறிப்பு மேலே உள்ளதைச் சேர்ந்ததா, கீழே உள்ளதைச் சேர்ந்ததா என்று தேர்ந்தெடுக்கலாம். ராபர்ட்டின் நிரலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக் கையேட்டை உருவாக்கினேன். ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. அந்தத் தொழிற்சாலையின் சரியான கையேடு என் கணினியில் முழுமையாக இருந்தது. அதை நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு தொழிற்சாலையில் கருவியைக் காட்டும் நாள் வந்தது. மேலாளர்கள், ஷிப்ட் பொறியாளர்கள், ஆய்வகத்துப் பெண்கள் என்று அறை நிறைந்திருந்தது. நான் கருவியின் அமைப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். சுருக்கமாகவே விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ராபர்ட் கையைத் தூக்கினார்.

"மச்சான், ஒரே ஒரு டவுட்டு. நான் எழுதுனத எடுத்து எனக்கே படிச்சுக் காட்டறதுக்கா இந்த மிஷினு?"

"அப்படியும் சொல்லலாம்."

"அதுக்கு எங்க அம்மா போதுமே. நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லும், கூட ஒரு டம்ளர் டீயும் குடுக்கும்."

மேலாளர் சிரித்தார். தில்லைநாதனும் வியாபாரத்துக்காகச் சிரித்தார். கயல்விழி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். மூடிக்கொண்டது எனக்குச் செய்த மரியாதை என்று நினைத்திருப்பாள்.

கையேட்டை ஒப்படைக்கும் முன் அந்தத் தேர்வை மாற்றினேன். குறிப்பு கீழே வரும் பகுதிக்கே சொந்தம் என்று வைத்தேன். உலகத்தின் வழக்கம் அதுதான். ஒழுங்கில்லாத ஒரே ஆளுக்காக ஒரு கருவி வளைந்துகொடுக்கத் தேவையில்லை. எங்கள் திருத்தப் பதிவில் என் பெயரிலேயே இருக்கிறது. "தரநிலைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது" என்று காரணமும் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை.

மாற்றியதும் என்ன ஆகும் என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்க வேண்டும். புரியாவிட்டால் சொல்கிறேன். ஒவ்வொரு குறிப்பும் ஒரு பகுதி கீழே நகர்ந்துவிடும். பம்புக்கு எழுதியது வால்வின் பக்கத்துக்குப் போகும். ரசாயனம் கலக்கும் பெரிய கலன்களில் மூன்றாம் கலனுக்கு எழுதியது நான்காம் கலனின் பக்கத்துக்கு. நான்காம் கலனுக்கு எழுதியது ஐந்தாம் கலனின் பக்கத்துக்கு. ராபர்ட் எந்தக் குறிப்பிலும் பெயரோ எண்ணோ போடுவதில்லை. இது, இதுல, இதுக்கு என்றுதான் எழுதுவார். எதிரில் நிற்பவனிடம் விரல் நீட்டிப் பேசுகிறவர்களின் பழக்கம் அது. விரல் காகிதத்தில் வராது என்பது அவர்களுக்குத் தோன்றாது.

மூன்றாம் கலனைக் கழுவுவது பற்றி அவர் எழுதியது இது: "இது நல்ல புள்ள. ஒண்ணும் பண்ணாது. தைரியமா ஆசிட் விட்டுக் கழுவு."

நான்காம் கலனைக் கழுவுவது பற்றி எழுதியது இது: "இதுக்கு ஆசிட் விடறதுக்கு முன்னாடி அடிக்குழாய்ல பழைய சல்பைடு தண்ணி நிக்குதான்னு பாரு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. நின்னா கேஸ் வரும். அழுகுன முட்ட நாத்தம் அடிச்சா ஓடு. நாத்தம் திடீர்னு நின்னு போச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு நெனைக்காத, உன் மூக்குதான் போயிடுச்சு. எதையும் பாக்காம ஓடு."

ஐந்தாம் கலன் என்று ஒன்று இப்போது இல்லை. துருப்பிடித்துப் போனதால் எப்போதோ கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். நிரலில் மட்டும் அதன் பகுதி மிஞ்சியிருக்கிறது. ஆக, அந்தத் தொழிற்சாலையின் மிக முக்கியமான எச்சரிக்கை இல்லாத ஒரு கலனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. உங்கள் குழுவிடமும் அந்தக் கையேடு இருந்தது. கழற்றிப் போட்ட கலனுக்கு ஏன் இத்தனை பெரிய எச்சரிக்கை என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். நீங்கள் நான்காம் கலனின் பக்கத்தைத் திறந்து, "இது நல்ல புள்ள" என்பதைப் பார்த்து, ராபர்ட்டைப் பிடித்துவிட்டீர்கள். பக்கத்தைப் புரட்டவில்லை.

மாறிய கையேட்டை நான் படித்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். படித்தேன். நான்காம் கலனின் பக்கத்தையும் ஐந்தாம் கலனின் பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன்.

என் எண்ணம் எளிமையானது. ஒப்படைக்கும் முன் ராபர்ட் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது ஒப்பந்தம். படித்தால் பிழை தெரியும். எல்லாக் குறிப்பும் நகர்ந்திருப்பது அவருடைய பழக்கத்தால்தான் என்று அவர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அவருடைய பில் அவருக்கே போய்ச் சேரும். அதற்கு மேல் நான் விரும்பவில்லை.

அவர் படிக்கவில்லை.

"என் எழுத்த நானே எதுக்குப் படிக்கணும் மச்சான்? கண்ணாடி பாக்கற மாதிரி ஆயிடும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். உங்கள் அறிக்கையில் ராபர்ட்மேல் சொன்ன குற்றங்களில் உண்மையானது இது ஒன்றுதான். அவர் சரிபார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கையேடு தொழிற்சாலையில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. பழைய ஆட்கள் யாரும் அதைத் திறக்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் கைப்பழக்கம். நான் எதிர்பார்த்ததுதான். கையேட்டால் இந்த ஊரில் யாருக்கும் கெடுதல் வராது. படித்தால்தானே வரும்?

பிறகு கயல்விழியை ஆய்வகத்திலிருந்து உற்பத்திப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் கேட்டு வாங்கிய மாற்றம். முதுநகரிலிருந்து நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் சிப்காட்டில் இறங்கிக்கொள்வாள், நான் சிதம்பரம்வரை போவேன். அந்தக் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள்.

"பயமாத்தான் இருக்கு. இத்தன வெசலு, நூறு வால்வு. ராபர்ட் அண்ணன் கூடவே இருந்து சொல்லித் தரேன்னாரு."

"அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? கையேடு இருக்கிறது."

"அவரு எழுதுனதுதான அதுலயும் இருக்கு?"

"தயாரித்தவன் நான்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கோச்சிக்காதீங்க. புஸ்தவத்தையே படிக்கறேன். போதுமா?"

போதும் என்றேன். பஸ் நின்றது. இறங்கிப் போனாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிழை எங்கே என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அவள் ராபர்ட்டிடம் போய்ச் சொல்வாள். அவர் அதை ஒரு நகைச்சுவையாக ஆக்குவார். அந்த அறையில் எல்லோரும் மறுபடியும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இந்த முறை வாயை மூடிக்கொள்ள மாட்டாள். அதோடு, அவள் நான் சொன்னதைக் கேட்டு நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஊறுகாய் ஆகாது என்றால் சாப்பிடுவாள். குடை எடுத்துக்கொள் என்றால் எடுக்க மாட்டாள். கையேட்டைப் படிக்கிறேன் என்று சொன்னதையும் அப்படித்தான், படிக்க மாட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

விபத்து நடந்தது தை மாதத்தில். ராபர்ட் விடுப்பில் தன் அம்மா ஆரோக்கியம்மாளை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போயிருந்தார். நான்காம் கலனைக் கழுவ வேண்டியிருந்தது. கயல்விழியும் அவளுக்கு உதவியாக இருந்த மாலதி என்ற பெண்ணும் பணியில் இருந்தார்கள். கையேட்டில் உள்ளபடி கயல்விழி அமிலத்தைத் திறந்துவிட்டு, கழிவின் மாதிரி எடுக்கக் கலனின் அடிப்பக்கம் இறங்கினாள். அடிக்குழாயில் பழைய தண்ணீர் நின்றிருந்தது. மற்றது உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. அவளைத் தூக்கப் போன சின்னையன் என்ற ஒப்பந்தத் தொழிலாளியும் இறந்தார். அவரை எனக்குப் பழக்கமில்லை.

எல்லோரும் என்னிடம் நன்றாக நடந்துகொண்டார்கள். தில்லைநாதன் விடுப்பு கொடுத்தார். அழுகிறானா என்று வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் அழவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மனிதர்கள் தங்களுக்கு வசதியான குறிப்பை வசதியான இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நான் மறுக்கவில்லை.

ராபர்ட்டைக் கைது செய்த பிறகு ஆரோக்கியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டு வந்திருந்தார். மகனுக்காகச் சிபாரிசு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, எம் புள்ளையால உன் குடும்பம் போச்சு. அவன் வெளாட்டுப் புத்தி. சின்னதுலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பாத்தேன், எல்லாத்துலயும் வெளாட்டு வேணாம்டான்னு."

தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"ஜெயில்ல பாக்கப் போனேன். அம்மா, நான் அப்படி எழுதலம்மா, அது வேற வெசலுக்கு எழுதுனதும்மான்னு சொல்றான். அழுவுறான். அப்புறம் அவனே, ஒருவேள நான்தான் தப்பா எழுதிட்டனான்னு கேக்கறான். எனக்கு என்னா தெரியும் தம்பி? நான் படிக்காதவ. ஆனா பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் சேந்து சொல்றாங்களே. அவன மன்னிச்சிடு. மனசாரச் சொல்லலன்னாலும் பரவால்ல, வாயால சொல்லு. நான் போயி அவன் கிட்ட சொல்லிக்கறேன்."

"மன்னித்துவிட்டேன்," என்றேன்.

என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாதத்தைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

ராபர்ட்டே தன்மேல் சந்தேகப்படத் தொடங்கிவிட்டார் என்பதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கயல்விழியின் சாவுக்குக் கீழேயும் அவர் பெயரா? நீதிமன்றத்தில் அவர் தலைகுனிந்து நிற்பார். ஊர் அதை அவருடைய கதையாகச் சொல்லும். விளையாட்டாக எழுதிய ஒரு வரியால் தங்கச்சியைப் பறிகொடுத்த அண்ணன் என்று அவருக்காகவும் நாலு பேர் அழுவார்கள். அத்தனைக்கும் அவர் செய்தது ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தை யோசித்து, மாற்றி, சரிபார்த்து ஒப்படைத்தவன் நான். ராபர்ட்டுக்கு அந்த அளவு கவனம் கிடையாது. உங்கள் அறிக்கையைத் திருத்துங்கள். அவரை வெளியே விடுங்கள். அவருக்கு இதில் இடமில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு வரிதான்.

கயல்விழியின் கைபேசியிலிருந்து கடைசியாகப் போன அழைப்பு எனக்கு வந்தது. "கணவருடன் வழக்கமான உரையாடல்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் கேட்பது நாகரிகமில்லை என்று விட்டிருப்பீர்கள். இந்த நாகரிகத்தை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துகிறீர்கள்.

நான் அலுவலகத்தில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு. அவள் குரலுக்குப் பின்னால் பம்ப் சத்தம் கேட்டது.

"என்னங்க, பிஸியா? ஒரு சின்ன டவுட்டு. நாலாம் நம்பரு கழுவறோம். புஸ்தவத்துல இது நல்ல புள்ள, தைரியமா விடுன்னு போட்டிருக்கு. ஆனா மாலதி வேணாங்குறா. நாலு கிட்ட முன்னாடி எப்பவோ என்னவோ ஆச்சாம். ராபர்ட் அண்ணன் வேளாங்கண்ணியில இருக்காரு. அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கட்டுமா?"

எனக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அடுத்த பக்கமும் தெரிந்தது. அவள் அவருக்குப் போன் செய்திருந்தால் அவர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். பிழையும் அப்போதே வெளியில் வந்திருக்கும்.

"அவர் எழுதியதைப் பற்றி அவரிடமே எதற்குக் கேட்கிறாய்? கையேட்டில் என்ன இருக்கிறதோ அதைச் செய்," என்றேன்.

"சரியா இருக்கும்ல?"

"நான் சரிபார்த்தது."

"சரி, வெச்சுடறேன். சாப்ட்டுடுங்க," என்றாள்.

சாப்பிட்டேன்.

இதுதான் முழு விவரம். ஆத்திரத்தில் சொன்னதில்லை. வாய் தவறியும் வரவில்லை. அவளைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் எப்படியும் அவரிடம்தான் கேட்கப் போகிறாள், என்னிடம் பேருக்குக் கேட்கிறாள் என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

கருமாதியன்று மாலதி வந்தாள். மற்றவர்கள் போன பிறகும் வாசலில் நின்றாள். உங்களிடமும் அவள் வாக்குமூலம் கொடுத்திருப்பாள். ஆனால் என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். பெண்கள் இதையெல்லாம் துக்க வீட்டுக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

"சார், நான் கையப் புடிச்சு இழுத்தேன் சார். அக்கா, ராபர்ட் சாருக்கு ஒரு போன் போட்டுடலாம்க்கான்னு சொன்னேன். அக்கா கேக்கல. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டேன்னு சொல்லிட்டாருடி, அதுக்கு மேல யாரு கிட்ட கேக்கணும்னு சிரிச்சுச்சு. அந்த புக்க எப்பவும் கையிலயே வெச்சிருக்கும் சார். ஊருல எல்லாரும் சும்மா வாயால பேசுவாங்க, இவரு ஒருத்தருதான் பாத்துச் சரின்னா சரின்னு சொல்லும். உங்கள அவ்ளோ நம்புச்சு சார்."

மாலதி நல்ல பெண். ஆனால் சிந்திக்கத் தெரியாதவள். அவள் சொன்னதை நீங்கள் பதிவு செய்ய வேண்டாம். கயல்விழி என்னை நம்பியிருந்தால் எனக்குப் போன் செய்து கேட்டிருக்க மாட்டாள்.